லேசர் பலூன் வழியே இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சிகிச்சை: நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழு வழிகாட்டி

கண்ணுக்கு லேசர், சிறுநீரகக் கல்லுக்கு லேசர் என்று கேட்டுப் பழகியவர்கள், இதயத்துக்கும் லேசர் உண்டு என்று தெரிந்ததும் எல்லாத் துடிப்புக் கோளாறுக்கும் அதுதான் வைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இன்று லேசர் கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழல்) பெரும்பாலும் ஒரே ஒரு வேலைக்குத்தான்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில், இடது மேலறையில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளைச் சுற்றிச் சுட்டு, அங்கிருந்து கிளம்பும் தப்பு மின்துடிப்புகளை வெளியே வராமல் தடுப்பது. பேஸ்மேக்கர் ஒயரைக் கழற்றவும் ஒரு லேசர் உண்டு. அது வேறு கருவி, வேறு வேலை. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

இந்தக் கட்டுரை, அப்லேஷன், அதாவது இப்படித் திசுவைச் சுட்டுத் துடிப்பைச் சரிசெய்யும் சிகிச்சை, செய்துகொள்ளச் சொல்லப்பட்டு வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கானது. முடிவு உங்கள் மருத்துவருடையதும் உங்களுடையதும். இங்கே சொல்வது, அவரிடம் போகும்போது என்ன தெரிந்திருந்தால் பேச்சு வீணாகாது என்பதை.

முதல் படி: உங்களுக்கு வந்திருப்பது எது என்று எழுத்தில் வாங்குங்கள்

"ஹார்ட் பீட் சரியில்லை" என்பது நோயின் பெயர் ஆகாது. திடீரென்று ஆரம்பித்து, ஸ்விட்ச் போட்டதுபோல் நின்றுவிடும் வேகத் துடிப்பு ஒரு வகை. அதில் பெரும்பாலானவை ரேடியோ அலையால் சுடும் கதீட்டரில் ஒரே அமர்வில் சரியாகிவிடும், லேசருக்கு அங்கே வேலையே இல்லை. வலது மேலறையில் ஒரே வட்டமாகச் சுற்றும் ஃபிளட்டர் இன்னொரு வகை. அதற்கும் ரேடியோ அலைதான். கீழறையிலிருந்து கிளம்பும் துடிப்பு வேறு கதை, அதற்கான விசாரணையும் வேறு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ஈசிஜியில் மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலை காணாமல் போயிருக்கும், துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் எந்த ஒழுங்கும் இருக்காது. மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். ஆபத்து என்னவென்றால், அந்த நடுக்கத்தில் ரத்தம் தேங்கி, இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பை போன்ற பகுதியில் கட்டி உண்டாகி, மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம்.

ஈசிஜி தாளை எங்கே எடுத்தாலும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு வந்த நேரத்தில் எடுத்த ஒரு தாள், படபடப்பு இல்லாதபோது எடுத்த பத்துத் தாளைவிட மதிப்பு வாய்ந்தது. கைக்கடிகாரத்தில் பதிவான ஈசிஜி இருந்தால் அதையும் பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். மருத்துவர்கள் இப்போது அதைப் பார்க்கிறார்கள்.

கோளாறு தானாக ஏழு நாளுக்குள் நின்றுவிடுகிறதா, அதையும் தாண்டித் தொடர்கிறதா என்றும் கேளுங்கள். வந்து வந்து போகும் வகைக்குத்தான் சிரைகளை மட்டும் தனிமைப்படுத்துவது நன்றாகப் பலன் தரும். விடாமல் தொடரும் வகையில் பலன் குறைவு. மாதக்கணக்கில் நடுங்கி விரிந்துபோன மேலறை, சிரைகளுக்கு வெளியேயும் தப்புத் துடிப்பைக் கிளப்பக் கற்றுக்கொண்டிருக்கும்.

ஏன் அந்தச் சிரைகள்?

1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் 45 நோயாளிகளின் மேலறையில் கதீட்டர் வைத்துத் தேடினார்கள். ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் உதிரித் துடிப்புகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து வந்தன. அதுவரை மேலறை முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுச் சுட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த துறை அன்றோடு திசை மாறியது.

நுரையீரலிலிருந்து சுத்தமான ரத்தத்தைக் கொண்டுவரும் இந்தச் சிரைகள் பெரும்பாலும் நான்கு: இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. இதயத் தசையின் நார்கள் சிறிது தூரம் சிரைக்குள்ளேயும் படர்ந்திருக்கும். அந்த நார்கள்தான் நேரம் கெட்ட நேரத்தில் துடிப்பைக் கிளப்புபவை. சிரையின் வாயைச் சுற்றி ஒரு முழு வளையமாகத் திசுவைச் சுட்டுத் தழும்பாக்கிவிட்டால், தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே அது எவ்வளவு துடித்தாலும் மேலறைக்குத் தெரியாது.

இதில் ஒரே சிக்கல், வளையம் முழுதாக இருக்க வேண்டும். வயலைச் சுற்றிப் போட்ட வரப்பில் ஒரு நண்டுவளை இருந்தால் போதும், தண்ணீர் வெளியே போய்விடும். அதே நிலைதான். அப்லேஷனுக்குப் பிறகு கோளாறு திரும்பி வந்தவர்களை மறுபடி பரிசோதித்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சிரையில் வளையம் ஒரு மூலையில் திறந்திருக்கும்.

லேசர் எதற்காக வந்தது

ரேடியோ அலை கதீட்டர் முனையால் புள்ளி புள்ளியாகச் சுடும். கிரையோ பலூன் சிரையின் வாயை அடைத்து ஒரே தடவையில் உறைய வைக்கும். இரண்டிலும் மருத்துவர் சுடும் இடத்தை நேரே பார்ப்பதில்லை. எக்ஸ்ரே நிழலையும், கணினி வரைந்த முப்பரிமாணப் படத்தையும், மின்சமிக்ஞைகளையும் வைத்து ஊகிக்கிறார்.

லேசர் பலூனில் அவர் பார்க்கிறார். என் கணிப்பில் இந்தச் சிகிச்சையின் உண்மையான சிறப்பு இதுதான். லேசரின் சூடு ரேடியோ அலையின் சூட்டைவிட உயர்ந்தது ஒன்றும் இல்லை. இரண்டும் திசுவை ஐம்பது டிகிரிக்கு மேல் கொண்டுபோய்ச் சாகடிப்பவைதான். ஆனால் பலூனுக்குள் ஒரு நுண்ணிய எண்டோஸ்கோப் இருக்கிறது. துடிக்கும் இதயத்தின் உட்சுவரைத் திரையில் பார்த்துக்கொண்டே எங்கே சுடுவது என்று தீர்மானிக்கலாம்.

இந்தப் பலூனை உருவாக்கியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கார்டியோஃபோகஸ் நிறுவனம். கருவியின் பெயர் ஹார்ட்லைட். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு 2016 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே ஜெர்மனியிலும் செக் நாட்டின் பிராக் நகரிலும் இதைப் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள். ஜப்பானிலும் இது பயன்பாட்டுக்கு வந்தது.

லேசரின் அலைநீளம் 980 நானோமீட்டர். அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. திசுவில் உள்ள நீர் இதை உறிஞ்சித்தான் சூடாகிறது. அப்படியானால் பலூனுக்குள் சாதாரணத் தண்ணீரை நிரப்பினால் லேசர் அங்கேயே தன் சக்தியை இழந்துவிடும் அல்லவா? அதனால் கனநீர் நிரப்புகிறார்கள். ஆமாம், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படுகிற அதே கனநீர்தான். அது இந்த அலைநீளத்தை மிகக் குறைவாக உறிஞ்சுவதால், ஒளி அதைக் கடந்து போய்த் திசுவில் விழுகிறது. கனநீர் கதிரியக்கம் உள்ள பொருள் இல்லை, பயப்பட வேண்டாம்.

இனி, பலன் எப்படி? அமெரிக்காவில் 19 மையங்களில் 353 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, லேசர் பலூனையும் ரேடியோ அலையையும் ஒப்பிட்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்துக் கோளாறு திரும்பாமல் இருந்தவர்கள் லேசரில் 61.1 சதவீதம், ரேடியோ அலையில் 61.7 சதவீதம். அதாவது சமம். சிரை சுருங்கிப்போகும் சிக்கல் ரேடியோ அலையில் 2.9 சதவீதம் பேருக்கு வந்தது, லேசரில் யாருக்கும் வரவில்லை. ஆனால் மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பின் பாதிப்பு லேசரில் 3.5 சதவீதம், மற்றதில் 0.6 சதவீதம். நேரமும் லேசரில் அதிகம் பிடித்தது.

இந்த எண்களைப் படித்த பிறகும் "லேசர்தான் பெஸ்ட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேசர் மட்டம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த ஆய்வில் லேசர் பிடித்த கைகள் பல அப்போதுதான் அந்தக் கருவியைக் கற்றுக்கொண்டிருந்தன. ரேடியோ அலையிலோ அவர்கள் பல ஆண்டுகளாகத் தேர்ந்தவர்கள். பின்னால் 2020இல் அனுமதி பெற்ற எக்ஸ்3 என்ற அடுத்த தலைமுறைப் பலூனில், சிறு மோட்டார் ஒன்று ஒளியைத் தானாகச் சுழற்றுகிறது. முன்பு துண்டு துண்டாகப் போட்ட வளையத்தை, சூழல் ஒத்துழைத்தால் சுமார் மூன்றே நிமிடத்தில் ஒரே ஓட்டமாக முடிக்கலாம்.

இரண்டாம் படி: உங்களுக்கு ஒத்துவருமா

மேலறையில் ரத்தக்கட்டி இருந்தால் இப்போதைக்கு முடியாது. கட்டி கரையும்வரை மருந்து சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை எந்தக் காரணத்தாலோ சாப்பிடவே முடியாதவர்களுக்கும் இந்த வழி சரிவராது, ஏனென்றால் சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகு சில மாதங்களும் அந்த மருந்து கட்டாயம்.

நம் ஊரில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதன் விளைவாக ஃபிப்ரிலேஷன் வந்தவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு முதல் வேலை வால்வு. சுருங்கிய வால்வை அப்படியே விட்டுவிட்டுச் சிரையைச் சுடுவதில் அர்த்தமில்லை. மருந்திலும் வேறுபாடு உண்டு. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் வால்வு நோயோடு ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரையே உயிரைக் காத்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று நீங்களும் மாறக்கூடாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கோளாறு வரும். அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டைச் சரிசெய்தால் துடிப்பும் பல நேரம் தானே சரியாகிவிடும். அந்தப் பரிசோதனை முடியாமல் அப்லேஷனுக்குத் தேதி கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

சிரைகளின் அமைப்பைப் பார்க்க சிடி ஸ்கேன் எடுப்பார்கள். சிலருக்கு இடப்பக்கச் சிரைகள் இரண்டும் சேர்ந்து ஒரே அகன்ற வாயாகத் திறக்கும். விறைப்பான பலூன்களுக்கு இது தலைவலி. லேசர் பலூன் மென்மையானது, சிரையின் அளவுக்கு ஏற்ப ஊதிக்கொள்ளும், சின்னதும் பெரியதும் சமாளிக்கும். அதற்கும் எல்லை உண்டு என்பதால், படத்தைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் கருவியை முடிவு செய்ய வேண்டும். கருவியை முடிவு செய்துவிட்டுப் படம் எடுப்பது தலைகீழ் வேலை.

மூன்றாம் படி: மருத்துவரிடம் கேளுங்கள்

எந்தக் கருவி என்பதைவிட யார் கை என்பது பெரிய கேள்வி. அதனால் முதலில்: இந்த மையத்தில் வருடத்துக்கு எத்தனை ஃபிப்ரிலேஷன் அப்லேஷன் நடக்கிறது, அதில் இவர் செய்தது எத்தனை? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

லேசர் பலூன் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பெரும்பாலான மையங்களில் ரேடியோ அலை அல்லது கிரையோ பலூன்தான் இருக்கும். 2023 டிசம்பர் முதல் அமெரிக்காவில் பல்ஸ்டு ஃபீல்டு என்ற புதிய முறைக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. அது சூட்டால் சுடுவதில்லை, மிகக் குறுகிய மின்துடிப்புகளால் இதயத் தசைச் செல்களைக் குறிவைக்கிறது. உணவுக்குழாயும் உதரவிதான நரம்பும் அதில் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. உலகெங்கும் மையங்கள் வேகமாக அதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஆக, லேசர் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. தேர்ந்த கையில் ரேடியோ அலை, தேராத கையில் லேசர் என்ற இரண்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

அப்புறம் சில நடைமுறைக் கேள்விகள். மயக்கம் முழுதா, பாதியா? இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்தால் உடனே வடிக்கவும், தேவைப்பட்டால் அறுவை செய்யவும் அதே கட்டடத்தில் ஆள் இருக்கிறார்களா? கொடுத்த மதிப்பீட்டில் பலூனின் விலை சேர்ந்திருக்கிறதா, அது புதியதுதானா? இந்தப் பலூன்கள் ஒரே நோயாளிக்கு ஒரே முறை பயன்படுத்தவென்று தயாரிக்கப்பட்டவை. காப்பீட்டுக்காரர்களிடம் முன் அனுமதி வாங்கும்போது கருவியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். "அப்லேஷன்" என்று மட்டும் எழுதினால் பின்னால் பணம் தருவதில் தகராறு வரலாம்.

நான்காம் படி: தேதிக்கு முந்தைய வாரங்கள்

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் குறைந்தது மூன்று வாரம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். "ஆபரேஷனுக்கு முன்னால் பிளட் தின்னரை நிறுத்த வேண்டும்" என்ற பழைய பாடம் இங்கே பொருந்தாது. இப்போது பெரும்பாலும் நிறுத்தாமலேயே, அல்லது ஒரு வேளையை மட்டும் தள்ளி வைத்துச் செய்கிறார்கள். பல் மருத்துவரோ உறவினரோ சொன்னதைக் கேட்டு நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு வேளை தவறிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல மையங்களில் அதை எல்லோருக்குமே எடுக்கிறார்கள்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால் அவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும். மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் அளவையும் அன்று குறைக்க வேண்டியிருக்கும். எடை குறைய வாரம் ஒருமுறை ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த ஊசியால் இரைப்பை காலியாக நேரமாகும்.

குறட்டை பலமாக விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடமோ கணவரிடமோ கேளுங்கள். சம்பந்தப்பட்டவருக்கு அது தெரியாது. தூக்க மூச்சுத்திணறலைக் கவனிக்காமல் விட்டால் அப்லேஷன் செய்தும் கோளாறு திரும்பி வர வாய்ப்பு கூடுகிறது.

ஐந்தாம் படி: கேத் லேபுக்குள் (கதீட்டர் சிகிச்சை அறை)

இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். வெளியே காத்திருப்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி.

தொடை இடுக்கில் உள்ள சிரையில் ஊசி குத்தி, அதன் வழியே குழல்களை ஏற்றுவார்கள். அவை வலது மேலறைக்குப் போய்ச் சேரும். வேலை இருப்பதோ இடது மேலறையில். இரண்டுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் மெல்லிய ஒரு குழிவு இருக்கிறது. அந்த இடத்தில் நீண்ட ஊசியால் துளைத்துத்தான் இடப்பக்கம் நுழைகிறார்கள். எனக்குத் தெரிந்து முழு வேலையிலும் அதிகக் கவனம் வேண்டிய நொடிகளில் இது ஒன்று. எக்கோ படத்தில் அந்தச் சுவர் ஊசி முனையால் கூடாரம்போல் நீண்டு எழும்புவதைப் பார்த்து, பின்பக்கச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அழுத்துவார்கள். துளை சில வாரங்களில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறையும் நேரம் 300 நொடிக்கு மேல் இருக்கும்படி அடிக்கடி சோதிப்பார்கள். அதன் பிறகு மடங்கிய பலூன் உள்ளே போகும். சிரையின் வாயில் வைத்து கனநீரால் ஊதினால், ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டும்.

திரையில் தெரிவது வட்டமான ஒரு காட்சி. பலூன் ஒட்டிய இடத்தில் திசு வெளிறிய இளஞ்சிவப்பாக, நனைந்த தோல்போல் தெரியும். ஒட்டாத இடத்தில் ரத்தம் கருஞ்சிவப்பாகத் திரண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே வந்து போகும். நடுவே சிரையின் வாய் இருண்டிருக்கும். ஒரு பக்கம் கதீட்டரின் தண்டு கொஞ்சம் இடத்தை மறைக்கும், அந்தப் பகுதியைப் பிறகு பலூனைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். குறி பார்க்கப் பச்சை நிற ஒளி வில்லாக விழும். வில் முப்பது டிகிரி அகலம். அந்தப் பச்சை எங்கே விழுகிறதோ அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத லேசர் சுடும்.

வில் முழுவதும் வெளிறிய திசுவின் மேல் இருந்தால் சக்தியைக் கூட்டலாம், 12 வாட் வரை, 20 நொடி. ஓரத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தால் 5.5 வாட்டுக்குக் குறைத்து 30 நொடி. காரணம், லேசர் ரத்தத்தின் மேல் பட்டால் ரத்தம் வெந்து கட்டியாகும், பலூனின் மேலும் கருகிப் பிடிக்கும். பலூன் ஓட்டையாவதும் உண்டு. ஒரு வில்லை முடித்து, அடுத்ததை அதன்மேல் பாதிக்குப் பாதி படியும்படி வைத்து, இப்படியே சுற்றி வருவார்கள். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை.

இடது மேலறையின் பின்னால் ஒட்டிக்கொண்டு உணவுக்குழாய் இருக்கிறது. மூக்கு வழியே விட்ட ஒரு சூடுமானி அங்கே வெப்பத்தைக் கண்காணிக்கும். சுமார் 38.5 டிகிரியைத் தொட்டதும் லேசரை நிறுத்துவார்கள்.

வலப்பக்கச் சிரைகளுக்கு வரும்போது இன்னொரு எச்சரிக்கை. மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு அருகிலேயே ஓடுகிறது. அதனால் மேலே பெருஞ்சிரையில் ஒரு கதீட்டரை வைத்து அந்த நரம்பை விடாமல் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். நோயாளியின் வயிறு விக்கல் வந்ததுபோல் சீராகத் துள்ளும். ஒருவர் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நிற்பார். துள்ளல் கொஞ்சம் தளர்ந்தாலும் "நிறுத்து" என்று குரல் கொடுப்பார். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் சுற்றிலும் இருக்க, நரம்பைக் காப்பாற்றுவது அந்த உள்ளங்கை.

கடைசியாக, வட்டமாகச் சுருண்ட கதீட்டர் ஒன்றைச் சிரைக்குள் விட்டு, மின்சமிக்ஞை உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்ப்பார்கள். எங்கேயாவது கசிந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சுடுவார்கள். கண்ணால் பார்த்துச் செய்ததால் முதல் சுற்றிலேயே சிரை தனிமைப்பட்டுவிடுவது லேசரில் அடிக்கடி நடக்கும்.

ஆறாம் படி: அன்று இரவும் மறுநாளும்

நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். முதுகு வலிக்கும், அது தெரிந்ததுதான். தொடை இடுக்கில் நீலம் பாய்வது சாதாரணம். கட்டியாக வீங்கிக்கொண்டே போவதும், ரத்தம் சொட்டுவதும் சாதாரணம் இல்லை. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கி, வியர்த்து, மூச்சு வாங்கினால் இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்கிறது என்று பொருளாக இருக்கலாம். நூற்றில் ஒருவர் அளவுக்கு வரக்கூடிய சிக்கல் இது. ஊசி வழியாக வடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், நேரம்தான் முக்கியம். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு ஆகியவற்றை இரவு எந்த நேரம் ஆனாலும் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சு வலிப்பது இரண்டு மூன்று நாள் இருக்கும். நாடித்துடிப்பு முன்பைவிடப் பத்து கூடுதலாக ஓடலாம். மேலறையைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சுகளும் சுடப்பட்டதன் விளைவு அது, மாதக்கணக்கில்கூட நீடிக்கும், கெடுதல் இல்லை.

ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

ஏழாம் படி: இரண்டு மாதம் விழிப்பாக

இந்தப் பகுதியை வீட்டில் இன்னொருவரும் படித்துவிடுங்கள்.

உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே ஓட்டை விழுவது மிக மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் உயிருக்கு உலை. அது உடனே வராது. சிகிச்சை முடிந்து எல்லாம் மறந்துபோன இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். இரண்டு மாதம் வரைகூட வரலாம். குளிர் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி, ரத்த வாந்தி, பக்கவாதம்போல் கை கால் இழுத்துக்கொள்வது என்று எந்த வேடத்திலும் வரும். பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டு என்றோ அல்சர் என்றோ மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

அதனால் இரண்டு விதிகள். ஒன்று, அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தால் அப்லேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு அங்கேயே போங்கள். இரண்டு, வேறு இடத்தில் சேர்க்க நேர்ந்தால், "இதயத்தில் அப்லேஷன் செய்து இத்தனை வாரம் ஆகிறது, எண்டோஸ்கோப்பி செய்யாதீர்கள், மார்புக்கு கான்ட்ராஸ்ட் போட்டு சிடி எடுங்கள்" என்று சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பியில் ஊதும் காற்று அந்த ஓட்டை வழியே இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும். இந்த ஒரு வரியைத் தாளில் எழுதி டிஸ்சார்ஜ் ஃபைலின் மேலே ஒட்டி வைப்பது வீண் வேலை அல்ல.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நான்கு முதல் ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். வயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள், அது உணவுக்குழாயின் புண் ஆறுவதற்காக.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா? ஃபிரெனிக் நரம்பு தளர்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒரு பக்க உதரவிதானம் மேலேறி நிற்பது தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில், தாமதமானால் ஒரு வருடத்துக்குள் மீண்டுவிடும். சில மாதம் கழித்து இருமலும், சளியில் ரத்தமும் வந்தால், சிரை சுருங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ரத்தச் சளி என்றதும் காசநோய் பக்கம்தான் யோசனை போகும். அப்லேஷன் செய்ததைச் சொன்னால்தான் மற்றது நினைவுக்கு வரும்.

முதல் எட்டு வாரத்தில் படபடப்பு திரும்ப வந்தால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுட்ட இடம் வீங்கி ஆறும் காலம் அது, அந்த எரிச்சலே துடிப்பைக் கிளப்பும். முன்பு இதை மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள், 2024இல் வந்த சர்வதேச நிபுணர் குழு அறிக்கை எட்டு வாரமாகக் குறைத்தது. அந்தக் காலம் தாண்டியும் 30 நொடிக்கு மேல் ஃபிப்ரிலேஷன் பதிவானால்தான் திரும்பி வந்ததாகக் கணக்கு.

எட்டாம் படி: மருந்தும், அதன் பிறகும்

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோரும் சாப்பிட வேண்டும். அதன் பிறகு? நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். துடிப்பு சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம், இதயத் தளர்ச்சி இவற்றை வைத்துப் போடும் மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் மாத்திரையைத் தொடர்வதா என்று முடிவு செய்வார்கள். 75 வயதுக்காரருக்குச் சர்க்கரையும் இருந்தால், அப்லேஷன் எவ்வளவு அழகாக முடிந்திருந்தாலும் மாத்திரை பெரும்பாலும் தொடரும். துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று நாம் உணர்வதும் நம்பகமானதல்ல, அறிகுறியே இல்லாமல் வந்து போகும் ஃபிப்ரிலேஷன் உண்டு. அதனால், ஒரு நாளோ அதற்கு மேலோ ஈசிஜியை விடாமல் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

எடை விஷயத்தை மருத்துவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது போகிறபோக்கில் சொல்லும் விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பருமனான ஃபிப்ரிலேஷன் நோயாளிகளைப் பின்தொடர்ந்த லெகசி ஆய்வு 2015இல் வெளியானது. உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்குக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு இருந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டாலும் கோளாறு திரும்புவது குறைகிறது. காபி, டீ பற்றித் தேவையில்லாமல் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குக் குடித்தவுடன் படபடப்பு வருகிறது என்றால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும். அப்போது நான்கு சிரைகளையும் மறுபடி சுற்றிச் சுட வேண்டியதில்லை. எந்த வளையம் எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்று மின்வரைபடம் போட்டுக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் அடைத்தால் போதும். அந்த வேலைக்கு அகன்ற பலூனைவிட மெல்லிய முனையுள்ள ரேடியோ அலை கதீட்டர்தான் தோதானது, அதனால் முதல் முறை லேசரில் செய்தவர்களுக்கும் இரண்டாவது முறை பெரும்பாலும் லேசர் இருக்காது.